முகப்புத் தகரமும் வத்தல் சாக்கும்

ஐந்து வருஷம் நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் எடுத்துத் திரிந்தேன். அந்த ஐந்து வருஷத்தில் நான் அதிகமாகத் திட்டியது எந்த மனிதனையும் இல்லை, கல்லைத்தான். ரோட்டில் கிடக்கிற கப்பிக்கல். அதன் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் தீரவில்லை.

என் மச்சான் ஒரு பழைய ஜீப் வாங்கி வைத்திருந்தார். யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் விட்ட ஜீப்புகளில் ஒன்று, நாலு கை மாறி அவரிடம் வந்தது. அதன் பின்னால் கோத்து இழுக்க நான் ஒரு பெட்டி வண்டி செய்தேன். இரண்டு சக்கரம், மரச்சட்டம், சுற்றிலும் தகரம். உள்ளே பாதி இடம் இருட்டறை, மீதியில் இரண்டு பேர் படுக்கலாம். படம் எடுத்த இடத்திலேயே கழுவிக் கையில் கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம். விருதுநகரில் என் அத்தா மிளகாய் வத்தல் வியாபாரம் செய்துவந்தார். பெற்ற மகன் நான் கடையில் உட்காராமல் இப்படித் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அலைகிறேனே என்று அவருக்கு வருத்தம்.

பெட்டியின் முகப்புக்காகவே சிவகாசியில் லேபிளுக்குப் படம் போடுகிற ஒருவரைப் பிடித்தேன். தீப்பெட்டி லேபிளில் உள்ளங்கைக்குள் அடங்குகிற மயிலையும் மானையும் வரைந்து சலித்துப் போயிருந்த மனிதர், ஆள் உயரத் தகரத்தைப் பார்த்ததும் குஷியாகிவிட்டார். தோகை விரித்த மயில், அதன் அலகில் ஒரு கேமரா. மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தார். அவ்வளவு அழகான முகப்பு அந்த வட்டாரத்தில் எந்த வண்டிக்கும் இருந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைதான்.

காரியாபட்டி சந்தைக்கு முதல் தடவையாகக் கிளம்பினோம். போய் இறங்கி முன்னால் வந்து பார்த்தால் மயிலுக்குக் கண் இல்லை. கழுத்தில் நாலு இடத்தில் பெயின்ட் பெயர்ந்து வெள்ளைத் தகரம் பல்லைக் காட்டியது. எதிரே வந்த லாரி எதுவும் கல்லை வீசவில்லை. எங்கள் ஜீப்பின் பின்சக்கரமே ரோட்டுக் கல்லை வாரி வாரி எங்கள் பெட்டியின் முகத்தில் அடித்திருந்தது. அடுத்தவன் அடித்திருந்தால் சண்டைக்காவது போகலாம். சொந்த வண்டி அடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"மச்சான், கொஞ்சம் மெதுவா ஓட்டுங்களேன்" என்றேன்.

"மெதுவாப் போறதுக்கு மாட்டு வண்டி இருக்குல்ல மாப்ளே. ரோட்டுல கல்லு கெடந்தா நான் என்ன செய்ய? நானா கொண்டாந்து போட்டேன்?"

ஜீப் அவருடையது, அடி வாங்குகிற தகரம் என்னுடையது. ஐந்து வருஷச் சண்டையும் இந்த ஒரே வரிக்குள் அடங்கிவிடும்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. பின்சக்கரங்களுக்குப் பின்னால் பழைய டயரை வெட்டித் தொங்கவிட்டேன். இரண்டாம் நாளே ஒன்று அறுந்து எங்கேயோ விழுந்தது, இன்னொன்று சக்கரத்தில் சிக்கி அரை நாள் எங்களை வெயிலில் நிறுத்தியது. ஓலைப் பாயைக் கட்டினேன், காற்றில் கிழிந்து பறந்தது. பட்டறைக்காரர் ஒடுங்கிய இடத்தைத் தட்டி நேராக்குவார், லேபிள்காரர் வந்து மயிலுக்குக் கண் வைப்பார், அடுத்த சந்தைக்குள் கண் போய்விடும். கடைசியில் லேபிள்காரரே சலித்துப்போய், "பாய், இதுக்குக் குருட்டு மயிலாவே வரைஞ்சிருக்கலாம்" என்றார்.

இந்தத் துன்பம் எனக்கு மட்டும் இல்லை. திருவிழாக்களில் எங்களைப் போலப் பெட்டி இழுத்துத் திரிகிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தோம். டீக்கடையில் சந்தித்தால் குடும்பம் பிள்ளைகுட்டி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நேராகப் போய் ஒருவர் வண்டி முகப்பை ஒருவர் தடவிப் பார்ப்போம். பட்டாசு விளம்பர வண்டிக்காரர் தன் வண்டியில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரில் பாதி எழுத்து போய்விட்டது என்று புலம்புவார். ரோட்டில் கல்லைக் கொட்டிவிட்டு உருளை ஓட்டாமல் போன கான்ட்ராக்டரைத் திட்டுவோம். திட்டியதும் கொஞ்சம் தெம்பு வரும். பிறகு அதே ரோட்டில் கிளம்பிப் போவோம்.

அழகு கெட்டதோடு போயிருந்தால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். பெயின்ட் போன இடத்தில் துரு பிடித்தது. துருப்பிடித்த இடத்தில் அடுத்த கல் விழுந்தால் தகரம் பொத்தலாகும். அந்தத் தகரத்துக்கு இந்தப் பக்கம்தான் என் இருட்டறை. இருட்டறைக்குள் கடுகளவு வெளிச்சம் வந்தாலும் கண்ணாடி பிளேட்டில் இருக்கிற படம் கருகிப்போகும். பொத்தல் விழ விழ உள்பக்கம் கறுப்புத் தாளை ஒட்டிக்கொண்டே வந்தேன். கடைசிக் காலத்தில் என் இருட்டறைச் சுவரில் தகரத்தைவிடத் தாள்தான் அதிகம்.

எல்லையில் சண்டை என்று டீக்கடை ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த வருஷம். மல்லாங்கிணறு பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்தோம். ஒரு அம்மாள் வேகமாக நடந்து வந்தார். வத்தலும் கம்பும் விளைகிற மானாவாரிக் காடு வைத்திருக்கிற சம்சாரி வீடு. ஒரே மகன். அவன் அப்பாவிடம் கேட்காமல் பட்டாளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். மறுநாள் மதியம் விருதுநகரில் ரயில் ஏறுகிறான்.

"தம்பி, அவுக இவன்கிட்ட வாயத் தொறந்து பேசி ஒரு மாசமாச்சு. ரயிலடிக்கும் வர மாட்டாகளாம். ரெண்டு நாளா அடுப்புப் பத்த வைக்காம இருந்து ஒரு படத்துக்குச் சம்மதிக்க வச்சிருக்கேன். அப்பனும் மகனும் ஒண்ணா நிக்கிற மாதிரி எனக்கு ஒரே ஒரு படம் வேணும். அது போதும்."

போனேன். அந்தப் பெரியவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், மகன் பின்னால் நின்றான், அந்த அம்மாள் பக்கத்தில் நின்றார். பெரியவர் கேமராவையே முறைத்தார். எடுத்து முடித்ததும் எழுந்து காட்டுப் பக்கம் போய்விட்டார். என்னிடம் இருந்த கடைசி பிளேட் அது.

இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிவப்பு விளக்கில் பிளேட்டைக் கழுவ ஆரம்பித்தேன். வெளியே மேகம் மூடியிருந்தது. மூன்று உருவமும் மெல்லத் தெரிந்துவந்த நேரத்தில் மேகம் விலகிவிட்டது. மயிலின் தொண்டை இருந்த இடத்திலிருந்து நூல் மாதிரி ஒரு வெளிச்சம் இறங்கி நேராகத் தட்டில் விழுந்தது. காலையில் வருகிற வழியில் விழுந்த புதுப் பொத்தல், நான் பார்க்கவில்லை. கையால் மறைப்பதற்குள் மூன்று பேரும் கறுப்பாகிவிட்டார்கள்.

பெட்டியை விட்டு இறங்கி ஜீப் சக்கரத்தை ஓங்கி ஓர் உதை விட்டேன். கால்தான் வலித்தது. "என்ன மாப்ளே, வண்டிய ஏன் உதைக்கீக?" என்று மச்சான் கேட்டார். அவரோடு நான் அன்று முழுக்கப் பேசவில்லை.

அந்த அம்மாளிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அவுகள இன்னொரு தடவ எப்படித் தம்பி கேப்பேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றார்.

"காலையில வெள்ளன வந்துருவேன்க்கா. நீங்க கேட்டு மட்டும் வைங்க" என்றேன். விருதுநகருக்குப் போய் பிளேட் எடுத்துவர வேண்டும். விடியற்காலையில் அத்தாவின் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். உள்பக்கம் கறுப்புத் தாளை மூன்று மடிப்பாக ஒட்டியாயிற்று. இனி ஒரு கல்கூட முகப்பில் படக் கூடாது. கடையில் வெறும் சாக்குகள் அடுக்கிக் கிடந்தன. நாலு சாக்கை இரட்டையாக மடித்து, மயிலின் தலையிலிருந்து கால் வரைக்கும் மூடி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

"உதறிக் கட்டுப்பா, வத்தச் சாக்கு" என்றார் அத்தா.

எனக்கு உதற நேரமில்லை. அதோடு அது எனக்கு உறைக்கவும் இல்லை. வத்தல் கடையில் பிறந்து வளர்ந்தவனுக்கு வத்தல் நெடி எங்கே தெரியும்? வெளியூர்க்காரர்கள் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் தும்முவதைப் பார்த்துச் சின்ன வயதில் நாங்கள் சிரிப்போம். அன்றைக்குக் கல்லைத் தவிர வேறு எதுவும் என் புத்தியில் இல்லை.

மச்சான் பறந்தார். சாக்கின் மேல் கல் தொப்புத் தொப்பென்று விழுகிற சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது. ஆனால் சாக்கிலிருந்த தூசியெல்லாம் காற்றில் கிளம்பி, நாங்கள் படுக்கிற பக்கத்தின் மேல் சந்து வழியாக உள்ளே போய், சுருட்டி வைத்திருந்த என் படுதாவின் மேல் படிந்துகொண்டே வந்திருக்கிறது. மாளிகையும் தோட்டமும் வரைந்த படுதா, படம் எடுக்கும்போது பின்னால் தொங்கவிடுவது.

பெரியவர் வந்திருந்தார். எப்படிச் சம்மதித்தார் என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தால் இன்னும் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தது. நேற்றுப் போலவே நாற்காலியில் உட்கார்ந்து கேமராவை முறைத்தார். படுதாவை அவிழ்த்து ஓர் உதறு உதறி மச்சானும் நானும் தொங்கவிட்டோம்.

அவ்வளவுதான், மச்சான் தும்ம ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு. மூக்கிலும் கண்ணிலும் தாரை தாரையாக ஊற்றியது. "மாப்ளே... என்னத்தக் கட்டித் தொலச்சீக?" என்று திணறிக்கொண்டே ஜீப்புக்கு அந்தப் பக்கம் ஓடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரயிலுக்கு நேரமாகிறது, இவருக்கு இப்போதுதான் தும்மல். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். மகன் கொஞ்சம் குனிந்தாற்போல் நின்றான். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவரின் குரல் கேட்டது.

"ஏலே, நிமிந்து நில்லு."

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னார். பையன் நிமிர்ந்தான். மூடியைத் திறந்து எடுத்தேன். துணியிலிருந்து தலையை வெளியே எடுத்துப் பார்த்தால் பெரியவரின் இரண்டு கன்னத்திலும் கண்ணீர் ஓடுகிறது.

எனக்கு உயிரே போய்விட்டது. போச்சு, இதுவும் போச்சு. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று பதறினேன். "கல்லு அடிக்காம இருக்க வத்தச் சாக்கக் கட்டியிருந்தேன். தூசி படுதாவுல ஏறிருச்சு. இன்னொரு பிளேட் இருக்கு, மூஞ்சியத் தொடச்சிக்கிட்டு உக்காருங்க, எடுத்துருவோம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஆமா பாய், காரம்" என்றார். "கண்ணு எரியுது. போதும், இதுவே இருக்கட்டும்." எழுந்து போய்விட்டார்.

இந்தத் தடவை பிளேட் கருகவில்லை. மயில் புண்ணியத்தில் எல்லாம் சுத்தமாக விழுந்திருந்தது, கண்ணீர் உட்பட. தொழில் தெரிந்தவன் யாரும் அப்படி ஒரு படத்தை வெளியே கொடுக்க மாட்டான். வெட்கத்தோடுதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். மகனுக்கு அனுப்ப இன்னொன்று வேண்டும் என்றார். அதையும் போட்டுக் கொடுத்தேன். வழியெல்லாம் மச்சானையும் கல்லையும் சாக்கையும் வரிசையாகத் திட்டிக்கொண்டு வந்தேன்.

நாலைந்து மாதம் கழித்து, வத்தல் சீசனில், அத்தாவின் கடைக்கு அந்தப் பெரியவர் லோடு கொண்டுவந்திருந்தார். நான் சும்மா அங்கே நின்றுகொண்டிருந்தேன். சாக்கைப் பிரித்து, முழங்கை வரைக்கும் வத்தலுக்குள் கையை விட்டு அள்ளினார். தூசி புகை மாதிரி அவர் முகத்துக்கு நேராக எழுந்தது. தெருவில் போன ஓர் ஆள் இருமிக்கொண்டே நகர்ந்தார். பெரியவர் ஒரு வத்தலை எடுத்துக் கிள்ளி வாயில் போட்டு மென்றபடி அத்தாவிடம் ஈரப்பதம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கண் இமைகூட அசையவில்லை.

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வத்தல் பழகாத மச்சான் ஒருவர்தான் தும்மினார். எனக்குத் தும்மல் வரவில்லை. அந்த அம்மாளுக்கு வரவில்லை, பையனுக்கு வரவில்லை. பிறந்ததிலிருந்து வத்தல் காயப்போடுகிற வீட்டில் யாருக்கு வரும்? கல்லைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான், கண்ணுக்கு முன்னால் நடந்ததைப் பார்க்கவில்லை.

அவரும் நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். பேச்சு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"பய காயிதம் போட்டிருக்கான் பாய். 'அய்யா, படத்த வாங்கிப் பாத்தேன்'னு. அது ஒம்ம சாக்குத் தூசின்னு பதில் எழுதச் சொல்லிட்டேன்."

"நம்புவானா அண்ணாச்சி?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவனும் வத்தக் களத்துல பொரண்டு வளந்தவன்தான பாய்" என்றார்.