எங்களுக்கு வந்த மெக்லீன்

எங்கள் குடும்பப் பெயர் மெக்லீன். சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்திற்குப் பின்னால், இறைச்சிக் கடைகளை அடுத்த சந்தில் குடியிருந்த எங்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் தீவிரமாக விசாரித்ததில்லை. வெள்ளையர் காலத்தில் கன்டோன்மென்ட் என்ற ராணுவக் குடியிருப்பில் பணிபுரிந்த ஸ்காட்லாந்துச் சிப்பாய் ஒருவர் எங்கள் மூதாதை என்பது வீட்டு நம்பிக்கை. நம்புவதற்குச் செலவில்லை என்பதால் எல்லோரும் நம்பினார்கள்.

சான்று தேவைப்பட்டது என் பள்ளிச் சேர்க்கையின்போதுதான். அம்மா ஆசைப்பட்ட பள்ளியின் கட்டணம் அப்பாவின் சம்பளத்துக்கு எட்டாது. ஆனால் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு அங்கே சலுகையோடு சில இடங்கள் இருந்தன. தந்தை வழியில் ஓர் ஐரோப்பியர் இருந்ததற்கு தேவாலயப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்றார்கள். வைட்ஃபீல்டில் அலுவலக வண்டி ஓட்டிய சித்தப்பா பொறுப்பை ஏற்றார். வெயிலில் என் கண்கள் சற்றுச் சாம்பல் நிறமாகத் தெரியுமாதலால் என்னையும் ஓர் ஆவணமாக அழைத்துச் சென்றார்.

ஆலய அலுவலகத்து எழுத்தர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கங்களை, உதிராமலிருக்க, அளவுகோலால் மெல்லத் திருப்பினார். சித்தப்பா என்னை ஜன்னலோரம் நிறுத்தினார்.

“அங்கிள், பாப்பா கண்ணப் பாருங்க. இது நம்ம ஊர்க் கண்ணா?”

“கண்ணுக்கு இதுல கட்டம் இல்ல தம்பி.”

கடைசியில் எங்கள் தாத்தாவின் தாத்தா அகப்பட்டார்: குழந்தை சாமுவேல் மெக்லீன். சித்தப்பா மேசையைத் தட்டி, “போடுங்க சீல்!” என்றார்.

“இருங்க. மெக்லீன் துரை ஞானத்தகப்பன் கட்டத்துல இருக்கார். பெத்த தகப்பன் இங்க. முனுசாமி. வேலை, குதிரை லாயம்.”

“அப்ப எங்க பேரு?”

“துரை ஞானஸ்நானத்துக்குச் சாட்சியா நின்னிருப்பார், பேரையும் குடுத்திருப்பார். அப்பல்லாம் அது வழக்கம்தான்.”

சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். “முனுசாமிய விட்டுட்டு மத்தத மட்டும் எழுதித் தாங்களேன் அங்கிள். கொழந்த படிப்பு.”

“நாளைக்கு ஒருத்தன் வந்து உங்கள விட்டுட்டு எழுதச் சொன்னா நான் என்ன பண்றது?”

சித்தப்பா நகல் வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பதிவேடு சொன்னதே முழு உண்மை என்று இன்றும் என்னால் உறுதி கூற இயலாது. கட்டங்களில் எழுதப்படாதவையும் நடந்திருக்கக்கூடும். ஆனால் அந்த நகலைத் திருத்தி வாங்கியிருந்தால், வேறொரு பிள்ளையின் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன் என்பதில் ஐயமில்லை.

வாசலிலேயே அம்மா கேட்டாள்: “கெடச்சாரா?”

சித்தப்பா செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“கெடச்சிட்டார் மம்மி! அவர் பேரு முனுசாமி. குதிரைகூடயே இருந்தாராம்!”

அம்மா சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, எனக்காக வாங்கி வைத்திருந்த அந்தப் பள்ளியின் விண்ணப்பப் படிவத்தை எடுத்து, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். தேடிப் போன மூதாதை பெயரோடும் வேலையோடும் கிடைத்துவிட்ட நாளில், வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் ஏன் சந்தோஷப்படவில்லை என்பது அன்று எனக்கு விளங்கவேயில்லை.