அக்காவுக்கு ஆகாத முட்டை

நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆளைப் பார்த்ததும் எடைபோடத் தெரிந்ததால்தான் பெரிய காஞ்சிபுரத்தில் மாடி வீடு கட்டினேன். என்ன கட்டி என்ன, இன்று காலை தோசைக்கல்லில் உடைத்த, கடையில் வாங்கின முட்டை வெளிறிப்போய்க் கிடந்தது. வாசமும் இல்லை, ருசியும் இல்லை.

அறுபதுகளில், எங்கள் ஊரான தாமலில் அக்கா பெரியவளானபோது, எங்கள் கோழி இட்டதெல்லாம் அவளுக்குத்தான். இடுப்புக்கு வலு என்று, ஓலைக் குடிசைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தவளிடம் இட்ட சூடு ஆறாத பச்சை முட்டையையும் நல்லெண்ணெயையும் அம்மா தினமும் கொடுப்பாள். அம்மா நகர்ந்ததும் அக்கா எண்ணெயை மட்டும் விழுங்கிவிட்டு, "இந்த வாடையே எனக்கு ஆவாதுடா, நீ குடி" என்று ஓலை இடுக்கில் முட்டையைத் தள்ளுவாள். ஓட்டை போட்டு உறிஞ்சினால் உருக்கின நெய்போல வழுக்கிக்கொண்டு இறங்கும்.

போன வாரம் என் கொல்லைக் கோழி இட்ட முதல் முட்டையை, வந்திருந்த அக்காவிடம் கேலியாக நீட்டினேன்.

"உனக்குத்தான் ஆவாதே!"

பிடுங்கி, ஓட்டை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள்.

"யார்றா சொன்னது ஆவாதுன்னு? நீ வெளியே எச்சில் முழுங்கிக்கினு நின்னா, எனக்கு எப்பிடிடா எறங்கும்?"