கவிழ்த்துப் பார்க்கிறவள்

சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து அடியை வாசித்துவிட்டுத்தான் ஜெனிற்றா அதில் சோறு போடுவாள். கோப்பை, குடை, பிள்ளையின் கிலுகிலுப்பை, விருந்தாளி வாசலில் கழற்றிவிட்ட செருப்பு என்று எதுவானாலும் முதலில் குப்புறப் புரள வேண்டும். எந்த நாட்டில் செய்தது என்று தெரிந்த பிறகுதான் அது அந்த வீட்டில் குடியிருக்கலாம். கல்யாணத்துக்கு வந்த நான்கு சுவர்க்கடிகாரங்களையும் கூறைச் சேலையோடேயே திருப்பிப் பார்த்தாள் என்று மாமியார் லூர்த்தம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

இதில் அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மயிலிட்டியில் படகுக்கு இஞ்சின் வாங்கப் போகிறவர்கள் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. மூடியைக் கழற்றி, உள்ளே பதித்திருக்கும் தகட்டைத் தேடி, ‘யப்பான்’ என்று வாசித்த பிறகுதான் மூச்சு விடுவார்கள். நின்றுபோன இஞ்சினோடு நடுக்கடலில் ஒரு பகல் கிடந்தவனுக்கு நாட்டின் பெயர் வெறும் பெயர் அல்ல. அந்தத் துறைமுகப் பழக்கத்தை ஜெனிற்றா அடுப்படி வரைக்கும் இழுத்து வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

வயது முப்பத்தொன்று. ஆள் கட்டை, நாக்கு நீளம். கணவன் எமில்ராஜ் கொண்டுவரும் மீனையும் அக்கம்பக்கத்துப் படகுகளின் மீனையும் வெட்டி, உப்பிட்டு, கருவாடாக்குவது அவளுக்கும் மாமியாருக்கும் தொழில். வீட்டுக்குப் பின்னால் கடலை ஒட்டித் தகரம் போட்ட வாடி. உரப்பையைக் கிழித்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கட்டா மீனைப் பலகையில் வைத்து, முதுகுப் பக்கமாக ஒரே இழுப்பில் பிளப்பாள். கத்தியை மட்டும் அவள் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. அடித்த கொல்லனைத் தெரியும், அவனுடைய பெண்சாதியையும் தெரியும், பிறகென்ன என்பாள்.

இருபத்துநான்கு வயது வரை ஜெனிற்றா கதவு சாத்திப் படுத்ததில்லை. ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன பிறகு பிறந்தவள், மல்லாகத்துப் பக்கம் நலன்புரி முகாமில் வளர்ந்தவள். அங்கே சுவர் என்பது தறப்பாள். குளிக்கிற இடத்துக்கு மறைப்பு ஒரு பழஞ்சேலை. கணக்கெடுக்க வந்தவர்கள், படம் பிடிக்க வந்தவர்கள், உதவி கொடுக்க வந்தவர்கள், துவக்கோடு வந்தவர்கள் எல்லாரும் கேட்காமலே எட்டிப் பார்த்தார்கள். காற்றுக்கு விலகும் தறப்பாளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் உடுப்பு மாற்றிய வெட்கம் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை. காணி விடுபட்டு வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டியபோது அவள் பிடிவாதமாகக் கேட்டது ஒன்றே ஒன்று, உள்ளேயிருந்து பூட்டக்கூடிய அறைக்கதவு. அந்த அறையில்தான் பிள்ளையின் ஏணை தொங்குகிறது.

வாடைக்காற்று எழும்பினால் வாடியில் நிற்கிறவளுக்குத் தன் குரலே கேட்காது. போன மார்கழியில், பிள்ளைக்கு நாலாம் மாதம் நடந்தபோது, ஒரு காலை வேலை முடித்து வந்து பார்த்தால் பிள்ளை ஏணைச் சேலையில் கை சிக்குண்டு, அழுதழுது குரல் அடைத்துக் கிடந்தது. சின்ன விரல்கள் நீலம் பாரித்திருந்தன. ஜெனிற்றா பிள்ளையை வாரி எடுத்தாள். அன்று முழுக்க மீனைத் தொடவில்லை, பிள்ளையைக் கீழே விடவுமில்லை.

செய்தி பாரிசுக்குப் போயிற்று. அங்கேயிருக்கும் எமில்ராஜின் அக்கா பிரியந்தினி ஒரு மாதத்துக்குள் பெட்டி அனுப்பிவிட்டாள். உள்ளே கோழிமுட்டை அளவில் வெள்ளைக் கமெரா ஒன்று. ஜெனிற்றா கவிழ்த்துப் பார்த்தாள். சீனா. முகம் அப்போதே பாதி கோணிவிட்டது. ஏணைக்கு மேலே கொழுவினால் பிள்ளையை வாடியிலிருந்தும் பார்க்கலாம், பாரிசிலிருந்தும் பார்க்கலாம், இலண்டனில் இருக்கும் சித்தப்பா வீட்டாரும் பார்க்கலாம் என்று பிரியந்தினி தொலைபேசியில் அடுக்கிக்கொண்டே போனாள். ஜெனிற்றா பொறுமையாகக் கேட்டுவிட்டு, படம் முதலில் எங்கே போகும் என்று விசாரித்தாள்.

“அது எங்கையோ ஒரு சேர்வருக்குப் போய், அங்கையிருந்து எங்கடை போனுக்கு வரும்.”

“அந்த எங்கையோ எண்ட ஊர் எங்கை கிடக்கு மச்சாள்?”

பிரியந்தினிக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாததால் கோபம் வந்தது. தன் தம்பியின் பிள்ளையைப் பார்க்கத் தனக்கு உரிமை இல்லையா என்று கேட்டாள். அவளுக்குப் பிள்ளைப் பாக்கியம் இல்லை, பதினான்கு வருடமாக ஊருக்கு வரவும் இல்லை. இரண்டையும் எல்லாரும் அறிவார்கள், யாரும் வாய் திறப்பதில்லை. ஜெனிற்றாவும் திறக்கவில்லை. ஆனால் இளகவும் இல்லை.

“வந்து பாருங்கோ மச்சாள். கதவை நானே திறந்துவிடுறன். இது என்ரை பிள்ளை படுக்கிற அறை. ஆர் பாக்கினம் எண்டு தெரியாத கண்ணுக்கு அங்கை இடமில்லை.”

கமெரா பெட்டிக்குள் போயிற்று, பெட்டி அலுமாரிக்கு மேலே போயிற்று. லூர்த்தம்மா மூன்று நாள் மருமகளோடு கதைக்கவில்லை. மகள் ஆசையோடு அனுப்பியதை ஒதுக்கினால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? எமில்ராஜ் மத்தளம் போல இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு, கடலே மேல் என்று இருட்டோடு புறப்பட்டுப் போவான்.

ஜெனிற்றா மருதனார்மடச் சந்திக்குப் பேருந்து ஏறினாள். அங்கே கனகலிங்கத்தின் மின்சாமான் கடை. பிள்ளை அழுதால் கேட்கிற கருவி வேண்டும், படம் வேண்டாம், இன்ரநெற் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் எடுத்து வைத்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சீனா, சீனா, வியற்நாம், மறுபடியும் சீனா. கனகலிங்கம் களைத்துப்போய்க் கண்ணாடி அலுமாரிக்கு அடியிலிருந்து பழைய சோடி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். வெளிநாட்டுக்காரர் யாரோ விட்டுப்போனது. ஒரு துண்டை ஏணைக்குப் பக்கத்தில் வைத்தால் மற்றத் துண்டில் சத்தம் கேட்கும். அடியில் யப்பான் என்று இருந்தது. மாதா சொரூபத்தைக் கண்டவள் போல ஜெனிற்றா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். அது சரியான பழசு என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

“இஞ்சின் பழசானாலும் யப்பான் யப்பான்தான் அண்ணை,” என்றாள்.

ஒன்பது நாள் சொர்க்கம். கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு மீன் வெட்டினாள். சிணுங்கல் கேட்டதும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஏணையை ஆட்டும்போது அவள் தாலாட்டுப் பாடுகிறவள் அல்ல, வழக்குப் பேசுகிறவள். மாமி செய்தது, மச்சாள் சொன்னது, எமில்ராஜ் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டது, முகாமில் சின்ன வயதில் பட்டது எல்லாவற்றையும் பிள்ளையின் காதில்தான் இறக்கி வைப்பாள். கேட்டுவிட்டு யாரிடமும் போய்ச் சொல்லாத ஒரே ஆள் அது என்பது அவள் நம்பிக்கை.

பத்தாம் நாள் செந்தூரன் வாடிக்கு வந்தான். வல்வெட்டித்துறைக்காரன், மீன் இறக்க மயிலிட்டிக்கு வருகிற படகோட்டி, வயது நாற்பது தாண்டிய அமைதியான மனிதன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

“தங்கச்சி, குறை நினையாதையுங்கோ. நீங்கள் அறைக்குள்ளை கதைக்கிறது எங்கடை படகுச் செற்றிலை கேக்குது.”

படகுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருக்கும் வோக்கிடோக்கியைத்தான் அங்கே செற் என்பார்கள். வழக்கமான அலைவரிசைச் சனலில் இரைச்சல் அதிகம் என்று செந்தூரன் வேறு சனலுக்குத் திருப்பியிருக்கிறான். அங்கே பிள்ளை அழுதிருக்கிறது. எத்தனை நாளாக என்று ஜெனிற்றா கேட்டாள். மூன்று நாள் என்றான். துறைமுகத்தில் நிற்கிற மற்றப் படகுகளிலும் கேட்டதா என்றாள். கேட்டிருக்கும் என்றான். என்ன கேட்டது என்றதற்குப் பிள்ளையின் அழுகை மட்டும்தான் என்று முதலில் சொன்னான். பொய் சொல்ல வராத மனிதன். பிறகு, மச்சாளைப் பற்றியும் கொஞ்சம் கேட்டது என்றான். முகாமைப் பற்றியும் கேட்டிருக்கிறான் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

அன்று ஜெனிற்றா அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். ஒரு கண்ணை வெளியே தள்ளப் போய், ஒரு துறைமுகத்தின் காதுகளையெல்லாம் தானே உள்ளே அழைத்து வந்துவிட்டாளே! யப்பான்காரன் செய்தது திறம்தான். சத்தத்தைப் பிசகில்லாமல் எடுத்து, வழியில் நின்ற எல்லாருக்கும் பிசகில்லாமல் கொடுத்திருக்கிறான்.

லூர்த்தம்மா விடுவாரா? கமெரா என்றால் சொந்தக்காரர் மட்டும் பார்த்திருப்பார்கள், இப்போது ஊரே கேட்டுவிட்டது, மானம் கப்பலேறியது போதும், அலுமாரிக்கு மேலே இருப்பதை இறக்கிக் கொழுவு என்றார். எமில்ராஜும் முதல் தடவையாகத் தாயின் பக்கம் தலையாட்டினான். நியாயம் அவர்கள் பக்கம் இருப்பது போலத்தான் தெரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்த ஜெனிற்றா கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினாள். கமெராவை எடுக்கத்தான் ஏறுகிறாள் என்று இருவரும் நினைத்தார்கள். அவள் எடுத்தது சுவரில் உயரத்தில் கொழுவியிருந்த எமில்ராஜின் கைச்செற்றை.

“ஓம் மாமி, பிழை விட்டிட்டன். பிழை நான் வாங்கின பெட்டியிலைதான், நினைப்பிலை இல்லை.”

மறுநாள் கனகலிங்கத்தின் கடையில் நடந்ததை அந்தச் சந்தியில் இன்றும் கதையாகச் சொல்லுகிறார்கள். பிள்ளைக்கருவிகள் ஒவ்வொன்றாக மேசையில் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றின் முன்னாலும் கனகலிங்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ண வேண்டும். ஜெனிற்றா செற்றைக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று ஒவ்வொரு சனலாகத் திருப்புவாள். கடைக்கு வந்தவர்கள் சாமான் வாங்குவதை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கருவியில் கடைக்காரரின் எண்ணிக்கை சந்தி முழுக்கக் கேட்டது. அதை அவள் தொடவே இல்லை. கடைசியில் ஒன்று மிஞ்சியது. சனலுக்குச் சனல் வெறும் இரைச்சல். தன் சோடித் துண்டோடு மட்டும் பூட்டிக்கொண்டு பேசும், போனுக்கும் போகாது, இன்ரநெற்றுக்கும் போகாது என்று கனகலிங்கம் விளக்கினார். உலகத்துக் காதுகள் எல்லாவற்றையும் தன்னால் சோதிக்க முடியாது, தன் கடலின் காதையாவது சோதித்தாயிற்று என்றாள் ஜெனிற்றா. பழக்கம் விடுமா? பிறகு அதைக் கவிழ்த்தாள்.

சீனா.

கனகலிங்கம் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சிரியுங்கோ அண்ணை. எந்த நாட்டிலை பிறந்தால் என்ன, வாயைப் பொத்திக்கொண்டு இருக்கத் தெரியுமோ எண்டதுதான் இனி என்ரை கேள்வி.”

அந்தக் கருவி அவள் இடுப்புக்கு வந்து ஏழு மாதமாகிறது. விடிந்தால் போடுவாள், பிள்ளை அவள் அணைப்பில் உறங்கும்போதுதான் நிறுத்துவாள். பகலில் அவள் அதை ஒரு கணமும் நிறுத்தியதில்லை. கோப்பைகளை இப்போதும் கவிழ்க்கத்தான் செய்கிறாள். ஆனால் ஊரில் பிள்ளை பெற்றவர்கள் எந்த நாட்டுச் சாமான் வாங்கலாம் என்று கேட்டு வந்தால் பதில் சொல்லாமல் கைச்செற்றை எடுத்து நீட்டுகிறாள். சோதித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஆவணியில் மாதா திருநாளுக்குப் பிரியந்தினி வந்தாள். ‘வந்து பாருங்கோ’ என்று ஜெனிற்றா சொன்னதற்காக வந்தாளோ, ஆசை தாங்காமல் வந்தாளோ, படலையில் இரண்டு பெரிய பைகளோடு விறைப்பாக நின்றாள். ஜெனிற்றா கை கழுவிக்கொண்டு போய் அவளை அழைத்து வந்து, அறைக்கதவைத் தானே திறந்துவிட்டாள். அப்போதுதான் கண் விழித்த பிள்ளையை ஏணையிலிருந்து தூக்கி மச்சாளின் மடியில் வைத்தாள். மீன் கிடக்கிறது, ஆறுதலாக இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வாடிக்குப் போனாள்.

கட்டா ஒன்றைப் பலகையில் போட்டபோது இடுப்பில் சத்தம் கேட்டது. முதலில் பிள்ளையின் சிணுங்கல். பிறகு பிரியந்தினியின் குரல், தொலைபேசியில் ஒருநாளும் கேட்டிராத குரல்.

“என்ரை குஞ்சு, மாமியைத் தெரியுதோ? உன்னட்டை மட்டும் ஒண்டு சொல்லப்போறன்…”

பக்கத்தில் உப்பு அள்ளிக்கொண்டிருந்த லூர்த்தம்மாவின் கை அப்படியே நின்றது. மகளின் குரல் அல்லவா, காது தன்னால் சாய்ந்தது. ஜெனிற்றா கத்தியை வைத்தாள். உப்புப் பிடித்த கையை உரப்பையில் துடைத்து, இடுப்பிலிருந்த கருவியை எடுத்து, நிறுத்தினாள்.