மச்சாளின் தையலறை

கதவைத் திறந்துகொண்டு மச்சாள் உள்ளே வந்ததும் பேச்சு சட்டென்று நின்றது. மூன்று பேரும் குனிந்து, தைத்து முடித்த சட்டைகளையே மறுபடி தைப்பதுபோல் பாவனை செய்தோம். அந்த மூவரில் நானும் ஒருத்தி.

மச்சாள் என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்யாதவர். எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்துக்கு அகதிகளாக வந்த எங்களில் முதலில் டேனிஷ் பேசக் கற்றவர் அவர்தான். நிலவறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, நான்கு பழைய தையல் மெசின்களைத் தேடிப்பிடித்து, ரீச்சரையும் மன்னார் அக்காவையும் என்னையும் கூட்டிச் சேர்த்தார். நகரத்துச் சிறுவர் உடுப்புக்கடையொன்று எங்கள் தையலை விரும்பி, குளிர்கால அங்கிகள் கேட்டது.

ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் ரீச்சர். அந்தப் பேச்சை அவர்தான் தொடங்கினார்.

"ஏன் எப்பவும் அவவே கடைக்குப் போறா? எங்களுக்கு வாய் இல்லையோ?"

எங்களுக்கு டேனிஷில் நாலு சொல் சேர்ந்தாற்போல் வராது. துணி எடுக்க மச்சாள் கடைக்காரரின் காரில் போன அன்று கதை அழுகத் தொடங்கியது. "வெள்ளைக்காரனோடை, தனிய..." என்று மன்னார் அக்கா இழுத்தார். கடைக்காரர் கிழவர். அவருடைய மனைவி பின் இருக்கையில் இருந்ததை நான் என் கண்ணால் கண்டேன். சொல்லியிருக்கலாம். மதியச் சாப்பாட்டுப் பாண் துண்டை மென்றுகொண்டிருந்தேன்.

கதை ஆண்களின் காதுக்கும் போயிற்று. சனிக்கிழமை எங்கள் வீட்டில் அவர்கள் கூடி, இனி ஒருத்தியும் அங்கே போகக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். திங்கட்கிழமை அங்கிகளைக் கொடுக்கவேண்டிய நாள். பாதிக்குக் கை பொருத்தியிருக்கவில்லை.

"காய்ச்சலெண்டு சொல்லு," என்றார் கணவர். சொன்னேன்.

மச்சாள் தனியே இருந்து தைத்தார். முடியவில்லை. கடைக்காரர் வேலையை வேறிடம் கொடுத்துவிட்டார். சில வாரங்களில் அறையைப் பூட்டி, திறப்பை வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மச்சாள் எஸ்பியர்க் துறைமுகத்தில் மீன் வெட்டப் போனார். ரீச்சர் இன்று மேடைகளில் பெண்களின் ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறார். நான் முன்வரிசையில் இருந்து கை தட்டுகிறேன்.

ஒன்றை மட்டும் எவருக்கும் சொன்னதில்லை. அந்தத் திங்கள் பின்னேரம், விரலெல்லாம் ஊசி குத்திய காயத்தோடு, மச்சாள் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தார். என் நெற்றியில் கை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை.

"காய்ச்சல் இல்லை. நல்லது," என்றார். கிண்ணத்தை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார்.

கஞ்சி நல்ல ருசி. அவ்வளவையும் குடித்தேன்.