அத்திப்பள்ளிக்குப் போகாமல் இருக்க ஒரு பியர்

ஞாயிற்றுக்கிழமை என்றால் என் மகனுக்கு அத்திப்பள்ளி. கம்பெனியில் கூட வேலை செய்யும் மூன்று பேரோடு மாநில எல்லை தாண்டிப் போய் பியர் குடித்துவிட்டு, லாரிகளுக்கு நடுவே பைக்கில் மூக்கண்டப்பள்ளிக்குத் திரும்புவான். அவன் வந்து வண்டியை நிறுத்தும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. ஜெபமாலையைப் பாதியில் விட்டுவிட்டு ரோட்டை எட்டிப் பார்ப்பேன்.

ஒருநாள், "வீட்டுலயே பியர் செய்யப் போறேம்மா" என்றான். தையல் கம்பெனியில் உழைத்து நான் கட்டிய வீடு இது. ஒரு பாட்டில்கூட உள்ளே வந்ததில்லை என்று கோயிலில் தலை நிமிர்ந்து உட்காருகிறவள் நான். ஆனாலும் கேட்டேன்.

"இங்க செஞ்சா அங்க போக மாட்டியே?"

"அப்புறம் எதுக்குப் போறேன்?"

"அப்ப செய்."

பெங்களூரிலிருந்து மால்ட் வாங்கி வந்தான். முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் அது. கூடவே அரிசியைக் குழைய வேகவைத்துச் சேர்த்தால் கடை பியர் மாதிரி லேசாக வருமாம். அரிசியை நான்தான் வேகவைத்தேன். என் அடுப்பில் வேறு யாரை விடுவேன்? இரண்டையும் வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஹாப்ஸ் என்று ஒரு கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டான். ஆறியதும் டிரம்மில் ஊற்றி, ஈஸ்ட் போட்டு, பழைய ஃபிரிட்ஜுக்குள் வைத்தான்.

"நாளைக்கு ஆயிடுமா?"

"இது லாகர்மா. குளுருலயே கெடக்கணும். ரெண்டு மாசம் ஆவும்."

"இட்லி மாவு ஒரு ராத்திரியில பொங்குது. உன் பியருக்கு மட்டும் என்னடா நோவு?"

பியர் ஆகும்வரை அத்திப்பள்ளியும் நிற்கவில்லை. அவன் போன நேரமெல்லாம் நான் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்தேன்.

"இப்படித் தொறந்தா குளுரு எப்படிம்மா நிக்கும்?"

"நீ ரோட்டுல இருக்கறப்ப நான் வேற எதைப் பாக்கறது?"

அவன் ஃபிரிட்ஜ் கதவை அழுத்திச் சாத்தினான்.

ஒருவழியாகப் பாட்டிலில் அடைத்து, அதுவும் சில நாள் இருந்து, ஒரு ஞாயிறு மதியம் டம்ளரில் ஊற்றினான். வெளிறிய மஞ்சள், மேலே நுரை. ஒரு வாய் குடித்து, "கடை பியரேதாம்மா" என்று சிரித்தான். டம்ளரை வைத்துவிட்டு பைக் சாவியை எடுத்தான்.

"எங்கடா?"

"பசங்க காத்திருப்பாங்க."

"அப்ப நான் எதுக்கு அரிசி வேகவெச்சேன்?"

"பியருக்காகவாம்மா போறேன்? வாரம் பூரா மெஷின் சத்தம். ஒருத்தன் பேசறது ஒருத்தனுக்குக் கேக்காது. அங்க போனாத்தான் பேசறோம்."

எனக்கு அது தோன்றியதே இல்லை. சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். "பேசறவங்கள இங்க வரச் சொல்லு."

வந்தார்கள். மொட்டைமாடியில் பாய் விரித்துக்கொடுத்து, நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒருவனும் டம்ளரைத் தொடவில்லை.

"கீழ டிவியில சீரியல் வந்திருக்குமேம்மா" என்றான் ஒருவன்.

"நான் சீரியல் பாக்கறதில்ல."

மகன் தலையைக் குனிந்து சிரித்தான். பிறகு நானாகவே இறங்கி வந்தேன். மேலே பேச்சு தொடங்கியது.

பொழுது சாய மூன்று பைக்கும் கிளம்பின. என் பிள்ளை வீட்டில் இருந்தான். அப்படியும் என்னால் உட்கார முடியவில்லை. அதில் ஒருவன் தேன்கனிக்கோட்டை ரோட்டில் வெகுதூரம் போக வேண்டியவன். அவனுக்கும் ஒருத்தி வாசலில் நிற்பாள். அவனுக்கு ஊற்றியது என் வீட்டு பியர்.

"போய்ச் சேந்தாங்களான்னு போன் போடு."

"இப்பத்தானம்மா போனாங்க."

"போடு. அடுத்த வாரம் பஸ்ல வரச் சொல்லு. வண்டியில வர்றவனுக்கு இங்க மோர்தான்."