காய்க்காத தென்னைக்கு இரண்டு கை உப்பு

புயல் எங்கள் தென்னந்தோப்பைச் சாய்த்துப் போட்ட பிறகு அப்பா மண்வெட்டியைத் தொடவே இல்லை. மறுபடி கன்று வைக்கலாம் என்று யார் சொன்னாலும், "அது காய்க்கிறப்ப நான் இருக்க மாட்டேன்" என்று பேச்சை முடித்துவிடுவார். நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். அதையும் பார்த்த மாதிரி தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

காய்க்கவே வேண்டாத மரமாக வைத்தால் என்ன என்று நான்தான் யோசித்தேன். பெரிய புத்திசாலி! தஞ்சாவூர் சாலையில் ஒரு நர்சரியில், வாசலுக்கு அழகாக இருக்கும் என்று நான்கு ஃபாக்ஸ்டெயில் பாம் கன்றுகள் வாங்கினேன். பார்க்கத் தென்னைக்குத் தங்கச்சி, மட்டை மட்டும் நரிவால் போலப் புசுபுசுவென்று. நர்சரிக்காரர் இரண்டு தடவை சொன்னார்: "மேலாக வச்சாப் போதும்ங்க. உங்க பக்கம் களிமண்ணு, ஆழமா வச்சா அழுகிடும். தென்னைக்குப் போடற மாதிரி உப்பு கிப்பு போட்டுடாதீங்க."

அப்பா கன்றுகளைப் பார்த்துச் சிரித்தார். "காய்க்காத தென்னைக்கு இவ்வளவு மவுசா?"

மறுநாள் விடிந்தபோது வாசலில் மண்வெட்டிச் சத்தம். மூன்றடிக் குழி, அடியில் மணல், அதிராம்பட்டினத்துக் கல்லுப்பு இரண்டு கை. தென்னைக்குச் செய்வது அத்தனையும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேர்வை வழியக் குழிக்குள் நின்றார். ஒரு தோப்பையே வைத்து வளர்த்தவரிடம் குழி எப்படி வெட்டுவதென்று நான் சொல்வதா? அதுவும் புயலுக்குப் பிறகு முதல்முறையாக மலர்ந்திருந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு? காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஐப்பசி மழையில் குழிகளில் தண்ணீர் நின்றது. தை பிறப்பதற்குள் மூன்று கன்றுகள் கருகிவிட்டன. நான்காவதன் குருத்தை அப்பா லேசாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகல் நாற்றம். இந்த இனத்துக்கு இருப்பது ஒரே குருத்து, அது போனால் மரமில்லை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நர்சரிக்காரர் ஏதாவது பக்குவம் சொன்னாராம்மா?"

உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், அவ்வளவுதான். திட்டிவிட்டு வேறு கன்று வாங்கிவரச் சொல்லியிருக்கவும் கூடும். இப்போது தெரிகிறது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அன்று சொல்லத் தைரியம் வரவில்லை.

"ஒண்ணும் சொல்லலப்பா."

குருத்தைக் கீழே போட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்ப என் கைராசிதான் போயிடுச்சு."

அந்த வாரமே மண்வெட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது வாசலில் இருக்கும் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால்கூட, "நீயே ஊத்தும்மா, என் கை பட வேணாம்" என்கிறார்.

நானே ஊற்றுகிறேன்.