தையல் லைனில் ஒரு கடிகாரம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர் நான். எங்கள் கையில் டேப்லெட் வந்தது போன வருடம்தான். எந்த மெஷின் நின்றாலும் அதில் காரணம் பதிய வேண்டும். பதியாமல் ஷிப்ட் முடியாது. இனி மேனேஜரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், உங்கள் சிரமத்தை சிஸ்டமே சொல்லிவிடும் என்றார்கள் பயிற்சியில். நான் நம்பினேன். கம்பெனி பஸ்ஸில் நாட்றம்பள்ளி வரைக்கும் தையல் பெண்களிடம் அதையே பேசிக்கொண்டு போனேன். பக்கத்து லைன் சூப்பர்வைசர் என்னைவிட மூத்தவர். உருதுவில் அக்காவைச் சொல்வது போல ஆபா என்றுதான் கூப்பிடுவேன். "இன்னொரு வேலை ஜாஸ்தி, அவ்ளோதான்" என்றார் அவர்.

முதலில் நல்லதுதான் நடந்தது. கட்டிங் பிரிவிலிருந்து தோல் தாமதமாக வந்தபோது திட்டு அவர்களுக்கே போனது.

என் லைனில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தாள். அடிக்கடி பாத்ரூம் போக எழுந்திருப்பாள். டேப்லெட்டில் ஊசி முறிவு, நூல் மாற்றம், தோல் வரவில்லை, ஆள் இல்லை என்று நான்கே காரணங்கள். ஆள் இல்லை என்று அழுத்தினால் அவள் பெயர் எல்லோரும் பார்க்கும் திரையில் சிவப்பாக வரும். ஊசி முறிந்தது என்றால் உடைந்த துண்டுகளைக் காட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் நூல் மாற்றம் என்று அழுத்தினேன்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். நூல் சரியில்லை என்று சப்ளையருக்குப் புகார் அனுப்பப் போவதாகச் சொன்னார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். கொஞ்ச நாளில் 'சொந்தத் தேவை' என்று ஒரு புதுக் காரணம் வந்தது. அழுத்தியதும் கூடவே, போனவர் திரும்பும்வரை நிமிடங்களை எண்ணும் ஒரு கடிகாரமும் ஓடத் தொடங்கியது.

அவள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். பாட்டிலை நீட்டினேன். "வேணாங்க்கா, குடிச்சா போவணும்" என்றாள்.

ஆபா எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டேன். எதுவானாலும் ஆள் இல்லை என்றே அழுத்துவாராம், திரையைப் பார்க்கவே மாட்டாராம். "நீ அதுல நல்லது வரும்னு நெனச்சே. நான் நெனைக்கல. அதான் எனக்குப் பேஜார் கம்மி" என்றார். அந்த வயிற்றைத் தினமும் பார்க்கிற என்னால் அப்படி இருக்க முடியவில்லை.

சில வாரங்களில் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக அந்தப் பெண் வேலையை விட்டு ஜோலார்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த மெஷினில் புதிதாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மதியத்துக்கு முன் என்னிடம் வந்து, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று மெதுவாகக் கேட்டாள். வழியைக் காட்டினேன்.

"சீக்கிரம் வந்துடும்மா" என்றேன்.